சுத்தம் பண்ணி அரைத்த மாவு

கோதுமை உள்ளே போய்விட்டால் எனக்கு முதலில் வயிறு வலிப்பதில்லை. முதலில் கை போகும். மடியில் கிடக்கும் கையைப் பார்த்தால் யாரோ வைத்துவிட்டுப் போன கை மாதிரி இருக்கும். விரலை மடக்கினால் மடங்கும். ஆனால் கொஞ்சம் யோசித்துவிட்டு மடங்குவது போல, தாமதமாக. அடுத்து சொற்கள் போகும். கரண்டியைப் பிடித்துக்கொண்டு அதன் பேர் தெரியாமல் அடுப்பு முன்னால் நிற்பேன். வயிறு கடைசியில்தான் வரும். வந்துவிட்டால் பாய்க்கும் கழிவறைக்கும் நடுவில்தான் என் குடித்தனம்.

எனக்கு இருப்பது சீலியாக் நோய். கோதுமை, மைதா, ரவை, பார்லி இவற்றில் குளூட்டன் என்று ஒரு புரதம் இருக்கிறது. அது ஒரு சிட்டிகை உள்ளே போனாலும் என் உடம்பு என் குடலையே எதிரி என்று நினைத்துக் கடிக்கிறது. பெங்களூரில் ஒரு டாக்டர் வாய் வழியாகக் குழாய் விட்டு, குடலில் கிள்ளி எடுத்துப் பார்த்து இதைச் சொன்னார். அதற்கு முன்னால் பல வருஷம் ஓசூரில் ஒவ்வொருத்தரும் ஒவ்வொன்று சொன்னார்கள். ரத்தம் இல்லை என்றார்கள். அல்சர் என்றார்கள். ஒருவர் மனசை லேசாக வைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டார்.

பேர் தெரிந்த பிறகு நிலைமை நல்லாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. நம் ஊரில் கோதுமை என்றால் மருந்து. சர்க்கரை வந்தவன் சப்பாத்தி சாப்பிடுகிறான், இளைக்க நினைக்கிறவளும் சப்பாத்தி சாப்பிடுகிறாள். நான் வண்டிகளுக்கு வயரிங் கட்டும் கம்பெனியில் லைனில் நிற்கிறேன். பக்கத்து டேபிள்காரி கேன்டீனில் என் தட்டைப் பார்த்துச் சொன்னாள்.

"எங்க மாமாவுக்கு டாக்டரே கோதுமைதான் எழுதிக் குடுத்தாரு. உங்களுக்கு மட்டும் எப்பிடிக்கா உல்டாவா வருது வியாதி?"

"உங்க மாமாகிட்ட என் கொடல குடுத்துப் பாரு. அப்ப தெரியும்."

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

வீட்டில் நானும் வீட்டுக்காரரும் மாமியாரும். சிப்காட்டுக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில் மேல் போர்ஷன். நான் சமையலறையைத் துடைத்தேன். ரவை, சேமியா, மைதா எல்லாம் போயிற்று. பெருங்காயத் தூளில் மைதா கலக்கிறார்கள் என்று தெரிந்து அதையும் வீசினேன். சப்பாத்திக் கல், மரக்கட்டை, பழைய சல்லடை எல்லாவற்றையும் பழைய சாமான்காரனுக்குப் போட்டேன். சோறும் ராகிக் களியும்தான் இனிமேல் என்று முடிவு. களி எங்கள் பக்கத்துச் சாப்பாடு. ஊத்தங்கரையில் நான் பிறந்ததிலிருந்து தின்றது. அதில் என்ன இருக்கப்போகிறது.

ஆனாலும் அது வந்தது.

ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து வந்து, களியும் கீரைக் குழம்பும் சாப்பிட்டு, மாடி நடையில் நாற்காலி போட்டு உட்காருவேன். எதிரில் மூடிப்போன ஒரு கம்பெனி ஷெட். நீளச் சுவர், அதில் வரிசையாகக் கண்ணாடி ஜன்னல்கள், பாதி உடைந்தவை. வெயில் சாயும்போது உடையாத கண்ணாடிகள் மட்டும் சிவப்பாகும். உள்ளே யாரோ விளக்குப் போட்டது மாதிரி. அந்த நேரத்தில்தான் கை போகும்.

அப்புறம் சங்கு கேட்கும். ஷிஃப்ட் சங்கு. முதலில் நான் வேறு கம்பெனி என்று நினைத்தேன். சத்தம் அந்த ஷெட்டிலிருந்துதான் வந்தது. கேட்டில் பூட்டு துருப்பிடித்துக் கிடக்கிறது, கரன்ட் கனெக்‌ஷன் கிடையாது. நான் மாமியாரைக் கேட்டேன்.

"சங்கு கேட்டுச்சா அத்த?"

"எந்தச் சங்கு?"

"எதுத்த கம்பெனி."

அவர் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் எரிச்சல் வருகிறது. "அது மூடி எத்தன வருசம் ஆச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். அதற்குப் பிறகு நான் யாரையும் கேட்கவில்லை. நல்லா இருக்கிற நாளில் அந்தச் சத்தம் எனக்குக் கேட்டதே இல்லை. அது வருகிற நாளில் தவறாமல் கேட்டது.

இன்னொன்றும் உண்டு. மாடி நடையின் சிவப்புத் தரையில், நான் நாற்காலி போடும் இடத்தில், சின்னச் சின்னதாகக் குழிகள். நாற்காலிக் கால் அழுத்தித் தேய்ந்த குழிகள். என் நாற்காலியின் கால்கள் அதில் சரியாகப் போய் உட்கார்ந்தன. நாங்கள் குடி வந்து அவ்வளவு காலம் ஆகவில்லை. அது என் நாற்காலி போட்ட குழி இல்லை.

கீழே இருக்கும் வீட்டு ஓனர் அம்மாவைக் கேட்டேன். அவருக்குக் கன்னடம் வீட்டுப் பேச்சு, எங்களிடம் தமிழும் கலந்து பேசுவார்.

"உங்களுக்கு முன்னாடி இருந்தாளே ஒரு ஹுடுகி, அவளும் அங்கதான் குந்திக்கினு இருப்பா. அந்த ஷெட்டையே பாத்துக்கினு. எப்பப் பாத்தாலும் வயித்து நோவு, சோர்வு. குச்சியா எளச்சிட்டா. அவ வீட்டுக்காரன் கோயில் கோயிலா கூட்டினு போனான்."

"அப்புறம்?"

"ஊருக்கு அனுப்பிட்டான்."

"இப்ப எப்பிடி இருக்கா?"

"கொத்தில்லம்மா. எனக்குத் தெரியாது. அந்த எடத்துல நீ குந்தாத. காத்து பட்ட எடம்."

எனக்குப் பேயில் நம்பிக்கை கிடையாது. அன்றைக்கும் கிடையாது. ஆனால் நம்பிக்கை இல்லாதவளுக்குப் பயம் வராது என்று யார் சொன்னது. பெயர் தெரியாத ஒரு பெண் உட்கார்ந்த குழியில் நான் உட்கார்ந்திருக்கிறேன், அவளைப் போலவே இளைக்கிறேன், அவளைப் போலவே அந்த ஜன்னல்களைப் பார்க்கிறேன். கை மரத்துக் கிடக்கும்போது இது வேறு மாதிரித் தெரியும். என் மடியில் இருக்கிற கை அவளுடையதோ என்று தோன்றும்.

வந்துவிட்டால் என்ன செய்வது என்று இப்போது எனக்கு நல்லாத் தெரியும். யாருக்காவது உதவும் என்றால் எடுத்துக்கொள்ளட்டும். உள்ளே போனதை வெளியே எடுக்க வழி கிடையாது. விரல் விட்டு வாந்தி எடுத்தால் தொண்டைதான் புண்ணாகும். காத்திருக்கத்தான் வேண்டும். உப்பும் சர்க்கரையும் போட்ட தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக. பசி வந்தால் அரிசிக் கஞ்சி, உப்பு மட்டும். பால், மோர் கிட்டே வரக்கூடாது. கெட்டுக் கிடக்கும் குடல் அதையும் ஏற்காது. வயிற்றில் வெந்நீர்ப் பை. இடுப்பில் இறுக்கமாக எதுவும் வேண்டாம். கம்பெனிக்கு ஒரு போன் போட்டு லீவு சொல்லிவிட வேண்டும், காரணம் விளக்கப் போகக்கூடாது. தண்ணீர்கூடத் தங்கவில்லை, தலை சுற்றி விழுகிறோம் என்றால் வீராப்பு பேசாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முக்கியமானது, அந்த நாட்களில் எதையும் முடிவு பண்ணக்கூடாது. அப்போது தோன்றுகிற பயம், கோபம், அழுகை எல்லாம் நம்முடையது மாதிரியே இருக்கும். பாதி நம்முடையது இல்லை.

இந்தக் கடைசி விஷயத்தை நான் கடைப்பிடிக்கவில்லை. ஏனென்றால் ஒன்று எனக்குத் தெரிந்துபோயிற்று. ஊத்தங்கரைக்கு அம்மா வீட்டுக்குப் போனால் எனக்கு ஒன்றும் வருவதில்லை. அங்கேயும் களிதான். தின்றுவிட்டு வேலை செய்தேன், தூங்கினேன், கை என் கையாக இருந்தது. ஓசூர் திரும்பி வந்தால் வந்தது. அப்படியென்றால் என்ன அர்த்தம். ஒன்று, இந்த வீட்டில் ஏதோ இருக்கிறது. இல்லையென்றால் இந்த வீட்டில் யாரோ எனக்குக் கோதுமை கொடுக்கிறார்கள். பேயைவிட இரண்டாவதை நம்புவது எனக்குச் சுலபமாக இருந்தது.

நான் மாமியாரைக் கவனிக்க ஆரம்பித்தேன். ஒருநாள் நான் பாத்ரூமிலிருந்து சத்தம் இல்லாமல் வந்தபோது, அவர் களிப் பானைக்கு மேல் குனிந்து எதையோ தூவிக்கொண்டிருந்தார். வெள்ளைத் தூள். நான் போய்க் கையைப் பிடித்தேன்.

"என்ன போட்ட?"

"வுடுடி கைய."

"என்ன மாவு அது?"

"மாவும் இல்ல மண்ணும் இல்ல. துன்னூறு. கோயில்ல மந்திரிச்சிக் குடுத்தாங்க. ஒனக்கு ஒட்டினு இருக்கிறது போவட்டும்னு தினமும் ஒரு சிட்டிக போடறேன். அதுக்கு நீ என்ன போலீசு மாதிரி கையப் புடிக்கிற?"

தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். திருநீறுதான். அவர் கண்ணில் தண்ணீர். எனக்கு அப்போது பாவம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பேய் ஓட்டுகிறவரும் என்னைக் கேட்காமல்தானே என் தட்டில் கை வைக்கிறார். திருநீறு போடத் தெரிந்த கைக்கு மைதா போட எவ்வளவு நேரம் ஆகும். சாயங்காலம் வீட்டுக்காரர் வந்ததும் சொன்னேன்.

"இனிமே இந்த வீட்ல எனக்கு ஒருவாட்டி வந்துச்சுன்னா நான் ஊத்தங்கரைக்குப் போயிடுவேன். திரும்பி வர மாட்டேன். வேலையும் வேணாம், இந்தக் குடித்தனமும் வேணாம்."

அவர் அதிகம் பேசாதவர். வண்டிகளுக்கு மட்கார்டு ஊற்றும் பிளாஸ்டிக் கம்பெனியில் மிஷின் ஆபரேட்டர். தலையைக் கவிழ்த்துக்கொண்டு, "நான் பாத்துக்கறேன்" என்றார். எதைப் பார்த்துக்கொள்வார் என்று நான் கேட்கவில்லை.

அந்த வாரமே வந்தது. முன்னைவிடக் கடுமையாக. புது மாவு அரைத்து வந்து முதல் களி. சாயங்காலம் சங்கு நீளமாக ஊதியது, நிறுத்தவே இல்லை. ஷெட் ஜன்னல்களில் ஒன்றில் ஆள் நிற்பது மாதிரி இருந்தது. நான் கையைத் தூக்கினேன். அங்கேயும் ஒரு கை தூக்கியது. அது கண்ணாடியில் தெரிந்த என் நிழலாக இருக்கலாம். அவ்வளவு தூரத்தில் நிழல் தெரியுமா என்று இன்றுவரை நான் போய் நின்று பார்க்கவில்லை.

எழுந்து நடக்க முடிந்ததும் பை கட்டினேன். கதவோரம் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை பஸ் என்று சொன்னேன். வீட்டுக்காரருக்கு அன்று ஓவர்டைம். போகாமல் நிற்பார் என்று உள்ளே எங்கோ ஓர் எண்ணம் இருந்தது. போய்விட்டார். மாமியார் ராகிப் பையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"போறவ போ. எங்களுக்குக் கேவுராவது அரைச்சிக் குடுத்துட்டுப் போ. போனவாட்டி கொஞ்சமாத்தான் அரைச்சினு வந்தான், மாவு தீரப்போவுது, எனக்கு முட்டி வலி. எப்பவும் அவன்தான் போவான்."

இவ்வளவு நாளும் மில்லுக்குப் போனது வீட்டுக்காரர்தான். மாவுத் தூசி எனக்கு ஆகாது என்று என்னை அந்தப் பக்கமே விட்டதில்லை. நான் மூக்கில் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு பையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

மில் மெயின் ரோட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. பகலிலேயே உள்ளே இருட்டு. அந்த இருட்டில் எல்லாம் வெள்ளை. சிலந்தி வலைகள் வெள்ளைக் கயிறு மாதிரித் தடித்துத் தொங்கின. பல்பு வெள்ளை, சாமி படம் வெள்ளை, அதில் சாமி தெரியவில்லை. மிஷின் ஓடுகிற சத்தத்தில் காது அடைத்தது. மில்காரர் திரும்பினார். தலை, புருவம், இமை, காது மடல் எல்லாம் மாவு. இரண்டு கண்ணும் வாயும் மட்டும் ஈரமாகத் தெரிந்தன. வீட்டில் தேடிக்கொண்டிருந்தது இங்கே நிற்கிறது என்று எனக்குத் தோன்றியது. அது எப்படித் தோன்றியது என்று எனக்குத் தெரியாது.

மிளகாய்க்குத் தனி மிஷின், அரிசிக்குத் தனி மிஷின். கோதுமையும் ராகியும் ஒரே மிஷின். எனக்கு முன்னால் வடக்கத்திப் பையன்கள் கோதுமை மூட்டையோடு நின்றார்கள். கம்பெனி வேலைக்கு வந்தவர்கள், ரூமில் ரொட்டி சுடுகிறவர்கள். அவர்களுடையது அரைத்து முடிந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பாதி புரிந்தது. மீதியை மில்காரரே சொன்னார்.

"இது நமக்குத் தெரிஞ்ச பையாச்சே. மட்கார்டு கம்பெனிக்காரரு வீட்டுப் பையி. நீங்கதான் அந்த ஒடம்பு முடியாத அம்மாவா?"

"ஆமா."

"அவரு தலப்பாடா அடிச்சிச் சொல்லியிருக்காருமா. மிஷின சுத்தம் பண்ணாம எங்க மாவ அரைக்காதன்னு. எவனுக்கும் நான் இப்பிடிப் பண்ணித் தர்றது இல்ல. உங்களுக்கு மட்டும்தான். இருங்க."

அவர் ஓரத்தில் இருந்த டின்னுக்குள் கை விட்டார். இரண்டு கையும் நிறைய அள்ளினார். மிஷின் வாயில் போட்டார். கோதுமை.

நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கீழே துணிக் குழாய் வழியாக வெள்ளை மாவு வந்தது. அதைத் தட்டில் பிடித்து வேறு டின்னில் கொட்டினார். குழாயை இரண்டு தட்டுத் தட்டினார். எங்கள் ராகியைத் தூக்கப் போனார்.

"நிறுத்துங்க."

"ஏம்மா?"

"எப்பவும் இப்பிடித்தானா?"

"எப்பவும்தான். கோதும போட்டாத்தான் கல்லு சுத்தமாவும். பழச எல்லாத்தையும் தொடச்சி எடுத்துனு வந்துடும். அரிசி போட்டா அவ்ளோ சுத்தம் வராது. நல்ல கோதுமமா, பொறுக்கி வெச்சது."

அந்த ஆளைத் திட்ட எனக்கு வாயில் வார்த்தை நிறைய இருந்தது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார், தன் வேலையில் சந்தோஷப்படுகிற ஆள். ராகியை அரைக்காமலே வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வழியெல்லாம் மனசு அதையே ஓட்டியது. முதலில் விழும் மாவில்தான் கோதுமை அதிகம். அது பைக்கு அடியில் கிடக்கும். வீட்டில் பையைக் கவிழ்த்து டின்னில் கொட்டினால் அடியில் இருந்தது மேலே வரும். அதனால்தான் புது மாவு வந்த அன்றைக்கே எனக்கு அடி விழுந்தது. டின் குறையக் குறைய நோயும் குறையும். சரியாகிவிட்டது என்று நான் மூச்சு விடும்போது அடுத்த மாவு வந்துவிடும். ஊத்தங்கரையில் அம்மா அரைக்கிற மில்லுக்கு ராகி, கம்பு, சோளம்தான் வரும். எந்தப் பேயும் என் பின்னால் பஸ் ஏறவில்லை.

வீட்டுக்காரர் வந்ததும் கதவிலேயே நிறுத்தினேன். அவரை வாங்க போங்க என்றுதான் பேசுவேன். அன்றைக்கு வாயில் 'நீ' வந்துவிட்டது.

"மில்லுல கோதுமையப் போட்டுக் கழுவச் சொன்னியா?"

"கோதுமன்னு சொல்லல. ஏதாவது சுத்தமானதப் போட்டு ஓட்டிட்டு அரைங்கன்னு சொன்னேன்."

"அவரு கோதுமையப் போடறாருன்னு ஒனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும். அத நம்ம மாவுல சேக்கலியே. மொதல்ல வர்றதத் தனியா தள்ளிடறாரு, நான் நின்னு பாத்தேன்." அவருக்கு இன்னும் புரியவில்லை. "கம்பெனில கருப்பு ஓடுற மிஷின்ல வெள்ளைக்கு மாத்தணும்னா அப்பிடித்தான். சுத்தமான பிளாஸ்டிக்க ஓட்டி, மொத பீஸ் எல்லாம் தள்ளிடுவோம். அப்புறம் கலர் சுத்தமா வரும்."

"கலர் பாக்கறதுக்கு நான் என்ன மட்கார்டா? கண்ணுக்குத் தெரியாத தூசி போதும்னு அந்த டாக்டர் ஒன் முன்னாடிதான சொன்னாரு. கல்லு இடுக்குல இருக்கிறது எங்க போவும்? என் வயித்துக்குத்தான் வரும்."

அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். ஆள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். உள்ளேயிருந்து மாமியார், "அப்ப என் துன்னூறு மேல பழி இல்ல" என்றார்.

வீட்டுக்காரர் படியில் இருந்தபடியே கேட்டார். "போறியா?"

"தெரியல. துணிப் பை கதவோரமே இருக்கட்டும். இந்த ராகிய வீட்லயே அரைக்கிறேன். அத சாப்ட்டும் வந்துச்சுன்னா போயிடுவேன். அதுக்கு மேல நீயும் ஒண்ணும் பேசக்கூடாது."

பழைய மாவு டின்னோடு போயிற்று. ராகியைக் கழுவி மொட்டை மாடியில் காயவைத்து, புது மிக்சி ஜாரில் அரைத்தேன். கொரகொரப்பாகத்தான் வந்தது. மாமியார் ஒரு உருண்டையை வாயில் போட்டுவிட்டு, "மணலு மாதிரி கீது" என்றார். ஆனால் முழுசாகத் தின்றார். வீட்டுக்காரரும் தின்றார். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் கதவோரப் பையைத் தாண்டித்தான் போனார், காலால்கூடத் தள்ளி வைக்கவில்லை.

உடனே சரியாகிவிடவில்லை. குடலில் பழைய புண் இருந்தது, அது ஆறுவதற்கு அதன் நேரத்தை எடுத்துக்கொண்டது. சில சாயங்காலம் கை லேசாக மரத்தது. அவர் என் முகத்தையே பார்ப்பார். நான் பையைப் பார்ப்பேன். பிறகு ஒரு நாள், வேண்டுமென்றே வயிறு நிறையக் களி தின்றுவிட்டு அதே இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கால்கள் குழியில் இறங்கின. ஷெட் கண்ணாடிகள் சிவந்தன. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என் கை. சுண்டு விரலில் வயர் அறுத்த தழும்பு. சங்குக்காகக் காத்திருந்தேன். சிவப்பு அணைந்து ஜன்னல்கள் கருப்பாகிற வரைக்கும் காத்திருந்தேன். ஒன்றும் ஊதவில்லை. ஓசூர் லாரிகளின் சத்தம் மட்டும்.

"பைய எடுத்து உள்ள வைங்க" என்றேன்.

அவர் ஓடி வந்து எடுத்தார். துணிகளைப் பீரோவில் அடுக்குகிற சத்தம் கேட்டது. தப்பாகத்தான் அடுக்கியிருப்பார், நான் போய்ப் பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்துக் கீழே போய் வீட்டு ஓனர் அம்மாவிடம் ஒன்று கேட்டேன். "முன்னாடி இருந்தாளே அந்தப் பொண்ணு, அவ வீட்ல மாவு எங்க அரைச்சாங்க?"

"எங்க அரைப்பாங்க. எல்லாரும் அந்த மில்லுதான். பாவம், அவ வீட்டுக்காரன் தினம் சப்பாத்தி சுட்டு ஊட்டுவான் அவளுக்கு. தெம்பு வரட்டும்னு."

அவளுக்கும் இதே நோயா, வேறு ஏதாவதா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. அவள் ஊர் எதுவென்று அந்த அம்மாவுக்கே நினைவில்லை. எங்கேயோ ஒரு வீட்டில், அவள் உயிரோடு இருந்தால், இன்றைக்கும் யாராவது பாசமாக அவள் வாயில் சப்பாத்தியைப் பிட்டு வைத்துக்கொண்டிருக்கலாம்.

நாற்காலியை நடையின் அந்தக் கோடிக்கு மாற்றினேன். குழிகளைச் சிமென்ட் வைத்து அடைக்கச் சொன்னேன். வீட்டுக்காரர் அடைத்தார். காய்ந்த பிறகும் அந்த இடங்கள் மட்டும் வெளுத்துத் தெரிகின்றன. நான் அவற்றை மிதிக்காமல்தான் நடக்கிறேன்.